விலங்கு விஞ்ஞானக் கல்வியும் மேய்ச்சல் தரையும்

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்கும் மாணவர்களில் பெரும்பாலானோரின் முதற் கனவு வைத்திய பீடமாகவே இருக்கின்றது. இஸட் புள்ளி போதாதவிடத்து, கிடைத்ததை ஏற்றுக்கொள்வோம் என்ற மனநிலையிலேயே பலர் விவசாய பீடங்களுக்குள் நுழைகின்றனர். அங்கு விலங்கு விஞ்ஞானத்தைத் தெரிவு செய்யும் மாணவரிடம், "மாடு வளர்ப்பதற்கும் ஒரு பட்டமா?" என்று கேட்போர் எமது சமூகங்களில் இன்னமும் இருக்கின்றனர். இந்த ஏளனத்துக்கான விலையை நாடு செலுத்தி வருகின்றது.

பேராதனையிலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சியில் இயங்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. நோயுற்ற விலங்கைக் குணப்படுத்துவது கால்நடை வைத்தியரின் பணி. நமது வெப்பத்துக்கு ஏற்ற இனம் எது, கோடையில் தீவனத்துக்கு என்ன வழி, கறந்த பாலைப் பழுதடையாது சந்தைக்குச் சேர்ப்பது எவ்வாறு என்பவற்றுக்கு விடை தேடுவது விலங்கு விஞ்ஞானம்.

இவ்வறிவு புறக்கணிக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2017 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பசுக்களில் பல இறந்துபோயின. எதிர்பார்த்த பால் கிடைக்காமையால் அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் கடனாளிகளாயினர். 2022 டிசெம்பரில் வீசிய கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கொட்டில் வசதியின்றித் திறந்த வெளியில் மழையிலும் குளிர் காற்றிலும் நிற்கும் பட்டி மாடுகளே இத்தகைய அனர்த்தங்களுக்கு எளிதில் இரையாகின்றன. டொலர் தட்டுப்பாட்டினால் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்ற 2021, 2022 ஆம் ஆண்டுகளையும் நாம் மறந்துவிட முடியாது.

எனினும், பட்டதாரிகளை உருவாக்குவதால் மாத்திரம் பாலுற்பத்தி பெருகிவிடாது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தை ஆரம்பித்தனர். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளதும் அதே மாவட்டத்திலேயே. விரிவுரை மண்டபத்தில் தீவன முகாமைத்துவம் கற்பிக்கப்படுகையில், அயலிலுள்ள பண்ணையாளர் தனது மாட்டை எங்கே மேய்ப்பது என்று கேட்டு வீதியில் அமர்ந்திருந்தது எத்தகைய முரண்பாடு!

2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தபோதும் இவ்வாறானதொரு குறைபாடே வெளிப்பட்டது. பால் வற்றிய பசுவையும் காளைக் கன்றுகளையும் விற்கமுடியாது போனால் சிறு பண்ணையாளர் அவற்றுக்கு எவ்வாறு தீவனமிடுவார் என்ற கேள்விக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. மாடு வளர்க்கும் தமிழரையும், வளர்ப்பிலும் வியாபாரத்திலும் ஈடுபடும் முஸ்லிம்களையும் ஒருங்கே பாதிக்கக்கூடிய இவ்விடயம், உணர்ச்சி அரசியலாகவே அணுகப்பட்டது.

ஆகவே, மேய்ச்சல் தரைகளை எல்லையிட்டு வர்த்தமானியில் பிரகடனப்படுத்துவதும், கால்நடைக் கொள்கைகளை வகுக்கும்போது எமது பல்கலைக்கழகங்களின் ஆலோசனையைப் பெறுவதும், இத்துறைப் பட்டதாரிகளைத் தொடர்பற்ற அலுவலகங்களில் முடக்காது பிரதேசங்களில் பண்ணையாளருடன் பணியாற்றச் செய்வதும் அரசாங்கத்தின் பொறுப்பாகும். பெற்றோரும் இக்கல்வியைத் தோல்வியின் அடையாளமாகக் கருதும் மனப்போக்கைக் கைவிடவேண்டும். பிள்ளைகளின் கோப்பையில் உள்ளூர்ப் பால் நிறையவேண்டுமாயின், மேய்ச்சல் தரையும் அறிவும் ஒருங்கே காக்கப்பட வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் இனியாவது சிந்திப்பார்களா?