திறமைக்கும் கைமுதல் வேண்டும்

‘போக்கர் திறமையாட்டம்; ஆகவே சூதன்று’ என வாதிடுவோர் செகந்திராபாத் கிளப் வழக்கைச் சுட்டத் தவறுவதில்லை. ஆனால் 1967இல் உச்ச நீதிமன்றம் திறமையாட்டம் என்றது ரம்மியை, போக்கரையன்று.

ஆட்டத்தின் உள்ளே சென்று பார்ப்போம். லிமிட் போக்கரில் ஒவ்வொரு சுற்றின் பந்தயத் தொகையும் வரையறுக்கப்பட்டது. இரண்டு மூன்று பந்தயங்களுக்கே போதுமான சில்லுகளோடு அமர்பவர் தொடக்கச் சுற்றுகளிலேயே அனைத்தையும் வைத்துவிடுகிறார். அதன்பின் அவரை மிரட்டி விலக்க எதிராளியால் இயலாது. எண்ணித் துணிய அவருக்கும் ஏதுமில்லை. எஞ்சிய சீட்டுகளே தீர்ப்பளிக்கின்றன. ஒரே மேசை, ஒரே விதிகள். ஆயினும் கைமுதல் சிறுக்கச் சிறுக்கத் திறமைக்கான இடமும் சிறுக்கிறது.

அமீர்பேட்டில் விடுதி அறையைப் பங்கிட்டு மென்பொருள் பயிலும் மாணவனால் இணைய மேசைக்கு எவ்வளவு கொண்டுவர இயலும்? அவன் வென்றாலும் தோற்றாலும் தளத்துக்குக் கமிஷன் உண்டு.

தெலங்கானா 2017இலும் நாடாளுமன்றம் 2025இலும் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே கைவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தன. தடை தக்க மருந்தா என்பது தனி விவாதம். ஆனால் ‘திறமையாட்டமா?’ என்று கேட்டு, ‘எவ்வளவு பணத்தோடு?’ என்று கேட்காத ஆய்வு, பாதிக் கேள்வியோடு நின்றுவிட்ட ஆய்வு.