பாடப் போன ஊரே வீடானது!

கச்சேரிக்காக வெளிநாடு போன பிள்ளைகள் ஊர் திரும்பவே முடியாமல் போனால்?

1939. வியன்னாவின் மொசார்ட் சிறுவர் பாடகர் குழு ஆஸ்திரேலியாவில் பாடிக்கொண்டிருந்தது. சுமார் 20 சிறுவர்கள். செப்டம்பர் 3-ம் தேதி, ஜெர்மனி மீது போர் அறிவிப்பு! முந்தைய ஆண்டே ஆஸ்திரியாவை ஹிட்லர் ஜெர்மனியோடு இணைத்திருந்தார். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய சிறுவர்கள், ஒரே நாளில் ‘எதிரி நாட்டுக்காரர்கள்’. அப்பா, அம்மா உலகின் மறுகோடியில்.

மெல்போர்ன் பேராயர் டேனியல் மேனிக்ஸ் கைகொடுத்தார். கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டன. செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் அவர்கள் பாடினார்கள். 1941-ல் குழுவை நடத்திவந்த கியோர்க் க்ரூபரை அரசு காவலில் அடைத்தது. பாட்டு நிற்கவில்லை.

போர் முடிந்தபோது சிறுவர்கள் வளர்ந்திருந்தார்கள். பலர் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களால் உருவான பேராலயப் பாடகர் குழு இன்றும் பாடுகிறது.