அறுத்த போர்ட் ஒட்டாது

மேற்குத் தாம்பரத்தில் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் எந்தத் தம்பியிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எக்சாஸ்ட் போர்ட்டை ஒரு மில்லி மேல ஏத்தினா போதும்ணா, வண்டி பறக்கும்" என்பான். மறுபேச்சு இல்லாமல் கிரைண்டரைக் கையில் எடுக்கும் பட்டறைகளும் உண்டு. நானும் நம்பியவன்தான். ஏற்றிய போர்ட்டின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்காமல் விட்டதால், இரண்டே வாரத்தில் ரிங் அதில் மாட்டி உடைந்தது. சிலிண்டர் போயிற்று. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இந்த எஞ்சினுக்கு போர் 50 மில்லி, ஸ்ட்ரோக்கும் 50. எக்சாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லி உயர்த்தினால், கிராங்க் சுற்றில் அது திறந்திருக்கும் அளவு 4 முதல் 5 டிகிரி வரை கூடும். திறப்பு முந்துகிறது, மூடுவது பிந்துகிறது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்குள் வெளியே ஓடிவிடும். மேலே ஏறும் பிஸ்டன் புதுக் கலவையை அமுக்கத் தொடங்கவும் நேரமாகும். சுற்று உச்சத்தில் இருக்கும்போது இது லாபம்தான். சைலன்சர் கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பி ஓடிய கலவையைச் சரியான நொடியில் உள்ளே தள்ளிவிடும். 3,000 சுற்றில் அதே அலை வேளைகெட்ட வேளையில் வந்து போகும். கலவை புகையோடு புகையாகப் போகும். கையிலிருக்கும் காசும் அப்படியே.

"வெளிநாட்டு வண்டியிலெல்லாம் போர்ட் உயரமாத்தானே இருக்கு?" என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த உயரத்துக்குக் கதவும் உண்டு. அதன் பெயர்தான் பவர் வால்வு. யமஹா 1977இல் தன் 500 சிசி பந்தய வண்டியில் அதைப் பொருத்தியது. அடுத்த ஆண்டு கென்னி ராபர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றார். 1983இல் சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் அது வந்தது. அதே 1983இல் நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் இறக்கிய ராஜ்தூத் 350, அதற்கு முந்தைய பத்தாண்டின் வடிவம். அதில் வால்வு கிடையாது. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100இலும் கிடையாது.

பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாம். அந்த வால்வு உச்ச சக்தியைக் கூட்டுவதே இல்லை. உச்ச சக்தி உயரமான போர்ட்டிலிருந்து வருகிறது. அந்த உயரத்தால் கீழ்ச்சுற்றில் இழந்த இழுவையை மீட்பதுதான் வால்வின் வேலை. சுற்று குறைவாக இருக்கும்போது போர்ட்டின் தலையை மூடும், ஏற ஏறத் திறந்துவிடும். நம் பட்டறைகள் உயரத்தை மட்டும் காப்பியடித்துவிட்டு, கதவை மறந்துவிட்டன.

கதவு உள்ள வண்டிக்காரர்களிடமும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. டிஇசட்ஆர், என்எஸ்ஆர் என்று இறக்குமதி வண்டி வைத்திருப்போரில் சிலர், கேபிள் அறுந்தால் வால்வைத் திறந்த நிலையிலேயே கம்பி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். "எப்பவும் ஃபுல் பவர்" என்று பெருமை வேறு! காசு கொடுத்து வாங்கிய இழுவையைக் கையால் கழற்றி எறிவதற்கு இப்படி ஒரு பெயர்.

எஞ்சினைப் பிரித்தால் வால்வையும் பிரியுங்கள். கார்பனைச் சுரண்டி, விரலால் தள்ளினாலே அசையும்படி ஆக்குங்கள். ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் செய்த சிலிண்டர் என்றால் இன்னும் கவனம். போர் அகன்றதும் வால்வின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படியே பூட்டினால் முதல் சுற்றிலேயே பிஸ்டன் அதில் மோதும். ஹெட்டைப் பூட்டுமுன் கையால் மெல்லச் சுற்றி, எல்லா நிலையிலும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். யமஹா வகையில் கப்பியின் அடையாளத்தை உடலின் அடையாளத்தோடு நேர்செய்த பிறகே இரண்டு கேபிள்களின் தளர்ச்சியையும் சரிசெய்ய வேண்டும். கண்ணால் பார்த்து "வந்துருச்சு" என்று சொல்லும் வேலை இல்லை இது.

குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை, மாலை 6 மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் போர்ட் ஏற்றிய வண்டியை ஓட்டிப் பாருங்கள். சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச்சைப் பிடித்து முறுக்க வேண்டும். சக்தி விழித்துக்கொள்ளும் முன் முன்னால் மாநகரப் பேருந்து நிற்கும். அந்த சக்திக்கு இடம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம்தான். இரும்புலியூர் திருப்பம் அதற்குத் தோதுப்படாது.

லைனரில் தேய்த்து எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது. ஒரிஜினல் சிலிண்டர்கள் குறைந்துகொண்டேதான் போகின்றன. கிராங்க் கோணத்தை அளக்கும் டிகிரி வீல் இல்லாத பட்டறையில் போர்ட்டைத் தொட விடாதீர்கள், தம்பிகளே. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். என் பழைய சிலிண்டர் இன்னும் பரணில்தான் கிடக்கிறது.