ஜெயித்த தீர்ப்பு பீரோவில் தூங்கலாமா?

கோர்ட்டு அவமதிப்பு என்றதும், நீதிபதியைத் திட்டினால் ஜெயில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டீக்கடை பெஞ்சிலும் அதுதான் பேச்சு. ஆனால் காங்கேயம் பக்கத்து நொய்யல் விவசாயியைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கியது. கிணறு கெட்டது, நிலம் உப்பேறியது. காளைக்குப் பேர்போன சீமையில், ஆற்றுத் தண்ணீரை மாட்டுக்குக் காட்ட முடியவில்லை!

ஆயக்கட்டு விவசாயிகள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பர் 22-ல் உத்தரவு வந்தது. ஆற்றில் கழிவு விழவே கூடாது; 2007 ஜூலை 31 கெடு; அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். சுப்ரீம் கோர்ட்டும் 2009 அக்டோபர் 6-ல் இதை உறுதி செய்து, 3 மாதம் அவகாசம் தந்தது.

அப்புறமும் சாயத்தண்ணீர் நிற்கவில்லை. கையிலே ஜெயித்த தீர்ப்பு, வயலிலே உப்புத் தண்ணீர்! விவசாயிகள் அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28-ல் ஐகோர்ட்டு சாட்டையைச் சுழற்றியது. சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

வேலை இழந்த தொழிலாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கெடுவை மதித்து, அதிகாரிகளும் கண்காணித்திருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் நிலையங்கள் ஓடத் தொடங்கின. முடியாது என்றது முடிந்தது!

1971-ம் வருட கோர்ட்டு அவமதிப்புச் சட்டத்தின் ஒரு பாதி இதுதான். உத்தரவை வேண்டுமென்றே மீறினால் குற்றம். மீறுபவர் முதலாளியா, அதிகாரியா என்று சட்டம் பார்ப்பதில்லை. மறு பாதி, நியாயமான விசாரணையைக் காப்பது. கேஸ் நடக்கும்போது சாட்சியை மிரட்டுவது, விசாரணையின் போக்கைக் கெடுக்கும்படி தீர்ப்பை முன்கூட்டியே எழுதிப் பரப்புவது எல்லாம் இதில் மாட்டும். தெருவில் கூடும் கும்பல் தீர்ப்புச் சொல்வதென்றால் கோர்ட்டு எதற்கு? இன்றைக்கு அடுத்தவர் கேஸ்; நாளைக்கு அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கேஸாக இருக்கலாம்.

அதற்காக வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. விசாரணையை உள்ளது உள்ளபடி எழுதலாம். தீர்ப்பு தப்பு என்று நியாயமாக விமர்சிக்கலாம். பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மையை எதிர்வாதமாக ஏற்கலாம் என்று 2006-ல் சட்டமே திருத்தப்பட்டது. நீதிபதியின் சொந்தக் கௌரவத்துக்காக இந்தச் சாட்டையை எடுத்தால் ஜனங்களின் மதிப்பு குறையும். ஏழையின் தீர்ப்பு நடப்பதற்காக எடுத்தால் மதிப்பு ஏறும்.

தண்டனை பெரிசில்லை. அதிகபட்சம் 6 மாதம் வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காங்கேயம் கோர்ட்டு உத்தரவை மீறினாலும் ஐகோர்ட்டு தண்டிக்கலாம். ஆனால் மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். தீர்ப்பு வாங்கியவர்கள் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு உட்காரக் கூடாது.

வழக்கில் ஜெயிப்பது பாதி வெற்றிதான். தீர்ப்பு நடந்தால்தான் சாமானியனுக்கு கோர்ட்டு மேல் நம்பிக்கை நிற்கும்.