தெளிவான படம் எல்லாம் உண்மையான படமா?

அம்மம்மாவுக்குச் சலரோகம். போன மாசம் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாடியை மெசினில் வைக்கச் சொல்லி, "இமைக்காமல் பாருங்கோ அம்மா" என்றார்கள். சில செக்கனில் திரையில் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளையில், மழைநேரத்துப் பழைய ரீவி மாதிரி ஒரே பொரி. "இதென்ன பிள்ளை, ஒண்டும் விளங்கேல்ல" என்றா அம்மம்மா. என்ர போன் இதைவிட வடிவாய்ப் படம் எடுக்குமே என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்த பிறகுதான் அந்த நினைப்பு பிழை என்று பட்டது.

அந்த ஸ்கானின் பெயர் ஓ.சி.ரி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் அறிமுகப்படுத்தியது. வயிற்றை ஸ்கான் பண்ணும்போது ஒலி எதிரொலித்து வருகிறதல்லவா, இங்கே ஒலிக்குப் பதில் ஒளி. விழித்திரையின் படைகளில் பட்டுத் திரும்பும் ஒளியை இன்னொரு ஒளிக்கற்றையோடு சேர்த்து, அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று கணிக்கிறார்கள். தொடக்ககாலக் கருவிகள் 10, 15 மைக்கிரோமீற்றர் இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டின. இப்போது கிளினிக்குகளில் இருப்பவை 5 அளவில். ஒரு தலைமயிரின் தடிப்பே 70, 80 வரும்.

இந்த முன்னேற்றம் சும்மா வரவில்லை. ஆழத்தை நுணுக்கமாகப் பிரிக்கப் பல அலைநீளங்கள் கலந்த ஒளி வேண்டும்; அதற்காக ஒளிமூலத்தையே மாற்றினார்கள். பக்கவாட்டில், எங்கட கண்ணின் குறைகளே படத்தைக் கலங்கடிக்கும்; அதைத் திருத்த, வானியலாளர்கள் தொலைகாட்டியில் பாவித்த, வளைந்து கொடுக்கும் கண்ணாடியை ஆய்வுகூடங்களில் கடன் வாங்கினார்கள். பொரியைக் குறைக்க, ஒரே இடத்தைப் பலதரம் எடுத்துச் சராசரி பார்த்தார்கள். மூன்று வழியிலும், கூடுதலாகத் தெரிந்தது எல்லாம் அந்த நோயாளியின் கண்ணிலிருந்தே வந்தது.

இப்போது நாலாவது வழி ஒன்று வந்திருக்கு. ஏராளமான கண்களின் படங்களைப் பார்த்துப் பழகிய ஏ.ஐ. மென்பொருள், பொரிப்படத்தை வாங்கி வழுவழுப்பான படமாகத் தருகிறது.

நான் இதற்கு எதிரி இல்லை. பழைய மெசினும் நீண்ட வரிசையும் உள்ள இடத்தில், ஒருதரம் எடுத்த படத்திலேயே படைகள் தெளிந்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் தெளிவில் ஒரு பங்கு, மற்றவர்களின் கண்களைப் பார்த்துப் பழகிய ஊகம். சலரோகக்காரரின் விழித்திரையில் நீர் கோத்த சின்னக் குமிழ்களை டொக்டர் தேடுகிறார். பொரி என்று நினைத்து மென்பொருள் அதை அழித்துவிட்டால்? இல்லாத ஒன்றை வரைந்துவிட்டால்? கண்ணுக்கு ஊசி போடுவதா இல்லையா என்ற முடிவு இந்தப் படத்திலும் தங்கியிருக்கு.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சுவடிப் பதிப்பு பற்றிப் படிப்பிக்கிறார்கள். ஏடு செல்லரித்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளி போடுவார். அங்கே என்ன சொல் வரும் என்று ஊகிக்க அவருக்குத் தெரியும். ஊகித்தாலும் அதை அடைப்புக்குறிக்குள் போடுவார், மூலத்தோடு கலக்கமாட்டார். அதனால்தான் அவரை நம்பி வாசிக்கிறோம்.

அதே ஒழுங்கைத்தான் இந்தப் படங்களுக்கும் கேட்கிறேன். மென்பொருள் தொட்ட படம் என்றால் அதிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். மூலப்படம் அழியாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் ஊகம் கூட என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். இது என்ஜினியர்மாரின் வேலை மட்டுமில்லை; கிளினிக்குக்குக் கூடப் போகும் நாங்களும் கேட்க வேண்டிய விஷயம்.

அம்மம்மாவுக்கு அடுத்த கிளினிக் மூன்று மாசத்தில். ஒருவேளை வடிவான படம் ஒன்று திரையில் வந்தால், "பொரிப்படத்தையும் ஒருக்கா காட்டுங்கோ டொக்டர்" என்று கேட்கப்போறன்.