மூட்டைப் பூச்சிக்குச் சூடே மருந்து

உம்ரா சென்று திரும்பும் பெட்டியோடு மூட்டைப் பூச்சியும் வீட்டுக்குள் வந்துவிடலாம். இது அசுத்தத்தின் அடையாளமல்ல. துப்புரவான வீட்டுக்கும் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் பெருகும்.

பிள்ளைகள் உறங்கும் மெத்தையில் தோட்டத்துக் கிருமிநாசினி தெளிப்பதும், கட்டிலில் மண்ணெண்ணெய் பூசுவதும் ஆபத்து. 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு உள்ளே வரை எட்டினால் பூச்சியும் முட்டையும் மடியும்.

பருத்தி விரிப்பு, தலையணை உறைகளை ஒரு பாத்திரத்தில் இட்டு, இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். துணி முழுவதும் மூழ்கட்டும். அரை மணி நேரம் மூடிவைத்து, ஆறியபின் துவையுங்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். மரக்கட்டிலின் பொருத்துகளிலும் வெடிப்புகளிலும் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள்.

மெத்தையை வெயிலில் போடுவது மட்டும் போதாது. மேற்புறம் சுடும்போது பூச்சி நிழற்பக்கம் நகர்ந்து பதுங்கிவிடும். மெத்தை முழுவதையும் மூடும் 'சிப்' வைத்த உறை மாட்டி, ஒரு வருடம் கழற்றாதிருங்கள்.

தப்பிய முட்டைகள் சுமார் 10 நாட்களில் பொரிக்கும். ஆகவே இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு விருந்தினருக்கும் மனநிம்மதியோடு பாய் விரிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.