கையொப்பத் தாளோடு முடிந்துபோகும் பயிற்சி

"அரசுப் பள்ளி வாத்தியார்களுக்குப் பயிற்சி போதவில்லை" என்கிறது ஒரு கட்சி. "பயிற்சி பயிற்சி என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்கிறது இன்னொரு கட்சி. மீஞ்சூரில் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. நான் மூன்றாவது கட்சி. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று நாம் நடத்துவதில் பெரும்பகுதி, பயிற்சி நடந்தது என்பதற்கு ஆதாரம் தயாரிக்கும் வேலை. இதை அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. அந்த ஆதாரங்களைப் பல வருஷம் கோப்பில் கட்டிவைத்தவன் நான்.

நான் ஆசிரியன் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ்நாடு அரசுப் பணிக்கு வந்த பிறகு மொழித்தேர்வு எழுதித்தான் தமிழில் கோப்பு எழுதத் தகுதி பெற்றேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இடையில் பல ஆண்டுகள் கல்வி சார்ந்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) பயிற்சிச் செலவுக் கோப்புகள் என் மேஜையில்தான் இருந்தன. வகுப்பறைப் பக்கமிருந்து இந்த விஷயத்தை எழுதியவர்கள் நிறைய. பட்டியல் போட்ட பக்கமிருந்தும் ஒருவன் எழுதட்டுமே.

ஒரு பயிற்சிக் கோப்பில் என்ன இருக்கும்? செயல்முறைக் கடிதம், பங்கேற்பாளர் பட்டியல், காலை மாலை கையொப்பத் தாள், கருத்தாளர் மதிப்பூதியப் பற்றுச்சீட்டு, தேநீர், சாப்பாட்டு ரசீது, நோட்டும் பேனாவும் வாங்கிய ரசீது, பேனர் தெரியும்படி எடுத்த புகைப்படம், கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ். எல்லாம் மார்ச் 31க்குள் முடிந்தாக வேண்டும். நிதி தாமதமாக வந்த வருஷங்களில் பிப்ரவரி, மார்ச்சில் பயிற்சி மழையாகக் கொட்டும். அது பொதுத்தேர்வு நெருங்கும் சமயம் என்பது கோப்புக்குத் தெரியாது. தணிக்கைக்கு வருகிறவர் 30 கையெழுத்துக்கு 30 சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் கேட்பார். 'இந்த ஆசிரியர் திரும்பிப் போய் எந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்தினார்?' என்று கேட்கும் தாள் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அப்படி ஒரு படிவமே கிடையாது.

படிவத்தில் இல்லாதது அரசாங்கத்தில் இல்லாதது. அதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது, பயிற்சி இறங்கிவரும் படிக்கட்டு. மாநில அளவில் சிலருக்குச் சொல்லித்தருவார்கள். அவர்கள் மாவட்டத்தில் சொல்லுவார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் சொல்லுவார்கள். மேலே 5 நாள் நடந்தது கீழே 2 நாளாகும். மேலே கையால் செய்து பார்த்த பரிசோதனை, கீழே வரும்போது திரையில் காட்டும் படமாகிவிடும். கடைசிப் படியில் நிற்கிற ஆசிரியைக்குக் கிடைப்பது வடிகட்டி எடுத்த சக்கை. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் எதிரில் நிற்பவர் அவர்தான்.

இப்போது படிக்கட்டும் போய் கைபேசி வந்துவிட்டது. மத்திய அரசு 2019 ஆகஸ்டில் 'நிஷ்டா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 42 லட்சம் ஆசிரியர்களுக்கு என்று அறிவிப்பு. கொரோனா வந்ததும் அது 'தீக்‌ஷா' தளத்துக்கு ஏறியது. காணொளி பார்க்க வேண்டும், வினாவுக்கு விடை தட்ட வேண்டும், சான்றிதழ் வரும். 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் இப்படித் தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மணி நேரம் என்றவுடனேயே எனக்குப் பழைய கையொப்பத் தாள் ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வீட்டில் காணொளி ஒரு பக்கம் ஓடும், அவர் மறுபக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மணியைக் கேட்டார்கள், மணியைக் கொடுக்கிறார்.

இதற்கு மேல் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சட்டத்தின் நியாயம் நீதிமன்றத்துக்கு. நான் கேட்பது வேறு. 20 வருஷம் கணக்கு நடத்தியவருக்குத் தேர்வு வைக்கத் தெரிந்த நமக்கு, அந்த 20 வருஷத்தில் அவருக்கு எதைச் சொல்லித்தந்தோம் என்று கணக்குக் காட்டத் தெரியுமா?

சரி, கணக்கு வாத்தியாருக்கு என்னதான் வேண்டும்? பாடம் தெரிந்தால் போதாதா?

போதாது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னால், 'பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நம்மில் பலருக்கு விடை வந்துவிடும். மூன்றரை. ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால்? ஒன்றே முக்கால் லிட்டர் நல்லெண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் மூன்றரை பாட்டில் நிறையும் என்று உடனே சொல்ல எத்தனை பேரால் முடியும்? பலர் அரையால் வகுப்பதையும் இரண்டாகப் பங்குபோடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

இதே கணக்கைத்தான் லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கொடுத்தார். 1999இல் புத்தகமாக வந்தது. அமெரிக்கர்களில் பாதிப்பேர்கூடச் சரியாக முடிக்கவில்லை. சீனர்கள் அத்தனை பேரும் முடித்தார்கள். அதோடு, அந்தக் கணக்குக்குப் பொருத்தமான ஒரு கதையையும் அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். இத்தனைக்கும் சீன ஆசிரியர்கள் படிப்பு குறைந்தவர்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு ஆசிரியர் பள்ளி, அவ்வளவுதான். அமெரிக்கர்களோ பட்டதாரிகள். சீனர்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தெளிவு? ஒரே பள்ளியின் கணக்கு ஆசிரியர்கள் தவறாமல் கூடி, பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, 'இந்த இடத்தில் பிள்ளை எப்படித் தப்புப் பண்ணும், அப்போது நாம் என்ன கேட்பது' என்று பேசுகிறார்கள். யாரும் பேனர் கட்டவில்லை. அந்தப் பேச்சுதான் அவர்களுக்குப் பயிற்சி.

சீனா நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் இருக்கிறது. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்று தொடங்கியது. கிராமத்து ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மூன்று வாரம் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு மாதம் ஒரு கூட்டம். எந்தப் பரிசோதனை வகுப்பில் ஓடவில்லை என்று ஆசிரியர் சொன்னால் புத்தகத்தையே திருத்தினார்கள். ஆசிரியர் சொல்லிப் பாடநூல் மாறிய ஊர் அது. 30 வருஷம் நடந்ததை 2002இல் அரசு மூடிவிட்டது. பிள்ளைக்குச் சிந்திக்க வந்ததா என்பதற்கு அங்கேயும் படிவம் இல்லை போலும்.

பிரெஞ்சுக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் காரைக்கால் வாத்தியார் ஆவி என்னைச் சும்மா விடாது. அந்தக் காலத்து ஆரம்பப் பள்ளியில் அறிவியலுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று பெயர். பொருள்களைக் கொண்டு பாடம் என்று அர்த்தம். இலை, கல், எறும்பு, எதுவானாலும் மேஜைக்கு வரவேண்டும், பிறகுதான் புத்தகம். போகப் போக பிரான்சிலும் அது தேய்ந்து போயிற்று. 1992இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஷர்பாக், 1996இல் அறிவியல் கழகத்தின் துணையோடு 'லா மேன் ஆ லா பாத்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மாவில் கை வைப்பது என்று அர்த்தம். தள்ளி நின்று வேடிக்கை பார்க்காதே, நீயும் பிசை என்பதற்கு அவர்கள் சொல்லும் வழக்கு அது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. விஞ்ஞானியோ அறிவியல் மாணவரோ வகுப்புக்கு வந்தால் ஆசிரியருக்குத் துணையாகத்தான் நிற்பார். பாடம் ஆசிரியருடையது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மாநிலத்திலும் 2022 நவம்பரில் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கினார்கள். 13,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, கருத்தாளர்கள் பரிசோதனைப் பொருள்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். நல்ல திட்டம். பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வந்தவர் பையை மூடிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டால், மறுநாள் அந்த வகுப்பில் என்ன மிச்சம்? வந்துபோகிறவர் கை தேர்ந்து, அங்கேயே இருக்கிறவர் கை காய்ந்துபோனால் அது தலைகீழ் ஏற்பாடு. பை பள்ளியிலேயே தங்க வேண்டும். அடுத்த முறை பரிசோதனையை ஆசிரியர் செய்ய, கருத்தாளர் துணை நிற்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரைப் பாருங்கள். மீஞ்சூர் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் பேர்போனது. 1960களில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பெரிய கிணறுகள் போட்டு, சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983இல் சுமார் 9 கிலோமீட்டர் வந்துவிட்டது. பிறகு 2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நல்ல தண்ணீர் எப்படி உப்பாயிற்று, உப்புத் தண்ணீர் எப்படி நல்ல தண்ணீராகிறது என்ற இரண்டு பாடமும் எங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. நாலு தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அளவெடுத்து வரைபடம் போட்டால் கணக்கும் ஆயிற்று. எங்கோ எழுதி எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றாய் அனுப்பும் பயிற்சிக் கட்டகத்தில் மீஞ்சூர்க் கிணறு எப்படி வரும்?

2023 டிசம்பர் 26 இரவை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். பெரியகுப்பம் கடலோரத்தில் ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அமோனியா தண்ணீரில் வெகு வேகமாகக் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். வேதியியல் புத்தகத்தில் 'நீரில் எளிதில் கரையும்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்கும் ஈரத்துணிக்கும் உள்ள சொந்தத்தை ஒரு பிள்ளைக்குப் புரியவைப்பதுதான் அறிவியல் ஆசிரியர் வேலை. திருவொற்றியூர் முதல் காட்டுப்பள்ளி வரை உள்ள அறிவியல் ஆசிரியர்களை ஒருநாள் உட்காரவைத்து இதை ஒரு பயிற்சியாக நடத்தியிருக்க வேண்டாமா? எந்த 50 மணிக் கணக்கில் இது வருகிறது?

'பணம் இல்லை' என்பார்கள். உண்மைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை என்று மாநிலம் போராட வேண்டியிருந்தது. டெல்லிக்கும் கோட்டைக்கும் நடக்கும் சண்டையில் ஆசிரியர் பயிற்சியும் மாட்டிக்கொண்டது. ஆனால் நான் கேட்பதற்குக் கோடி வேண்டாம்.

நம்மிடம் குறுவள மையம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம். மீஞ்சூரிலிருந்து மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கும் திரூருக்குப் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் போய் வண்டி மாறிச் செவ்வாப்பேட்டைப் பக்கம் இறங்க வேண்டும். குறுவள மையம் அப்படியில்லை, கூப்பிடு தூரம். பாத்திரம் தயார். அதில் சுற்றறிக்கையை ஊற்றாமல் இருந்தால் போதும்.

மாதம் ஒரு நாள், பள்ளி வேலை நாளில், கணக்கு அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். சனிக்கிழமையைப் பறிக்காதீர்கள். என்ன பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகள் தப்பாகப் போட்ட 10 விடைத்தாளைக் கொண்டுவரட்டும், மற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்க்கட்டும். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களிலிருந்தும் குடிநீர் ஆலையிலிருந்தும் ஒரு பொறியாளரை மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். பரிசோதனைப் பொருள் வாங்க ஆசிரியர் கையில் ஒரு சிறு தொகை கொடுத்து, ரசீது கேட்டு அவரை அலைக்கழிக்காமல் இருங்கள். ஆசிரியர் பயிற்றுநர்களைப் புள்ளிவிவரம் வாங்க அனுப்புவதை நிறுத்தி, வகுப்பில் பக்கத்தில் உட்கார அனுப்புங்கள்.

படிவம் இல்லாமல் அரசு நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு படிவமும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி, நாலு வரி இடம்: 'சென்ற மாதம் கூடியபின் எந்தப் பாடத்தை மாற்றி நடத்தினீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள்?' கையொப்பத் தாளுக்குப் பதில் இதைக் கோப்பில் கட்டட்டும்.

பேரப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் கழிப்பறை, சுற்றுச்சுவர் கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். அறிவியல் டீச்சரிடம், "பயிற்சியில் கற்றதை இங்கே செய்து பார்க்க உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கோப்புக் கட்டிய இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதாகத் தாள் எதுவும் என் மேஜைக்கு வரவில்லை.